நாற்பது பவுண்டு

காம்பவுண்ட் வில்லை விற்ற பணம்
கையுறைக்குள் மடங்கியிருந்தது.
வாங்கியவன் எஸ்கனாபாக்காரன்.
குறிமுள் ஐந்து, விசைக்கொக்கி, தூரமானி, உறை
எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது டாலர்.
"நல்ல வில்லாச்சே, ஏன் விற்கிறீர்கள்?"
தோள்வலி என்று சொல்லிவைத்தேன்.

தோளுக்கு ஒன்றுமில்லை.
போன நவம்பரில்
தூரமானி நாற்பத்தேழு கெஜம் என்றது.
பச்சை முள்ளை விலாவில் வைத்தேன்.
கட்டைவிரல் பட்டது, விசை விட்டது.
தேவதாருக்களுக்கு அப்பால்
ஏதோ மடிந்து உட்கார்ந்தது.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
சரி, எய்தவன் யார்?
பனியில் கால் மரத்துப்போகும்வரை நின்றேன்.
கொம்பில் எத்தனை கிளை என்று
வீட்டில் ஐலா கேட்டாள்.
நாற்பத்தேழு என்றேன்.

பராகாவில் ஒரு கடை.
முன்னால் தூண்டில்புழு, பால், தோட்டா;
பின்னறையில் வில்கள்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி ரீஸ் கேட்டான்:
"இதுவரை எத்தனை பவுண்டு?"
"எழுபது."
உண்மைதான். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன்.
மறுபேச்சில்லாமல்
ஐம்பத்தைந்தை எடுத்து நீட்டினான்.

கப்பி இல்லை, கம்பி இல்லை,
எட்டிப் பார்க்க நாணில் ஓட்டை இல்லை.
ஒரு கட்டை, ஒரு கயிறு, நான்.

பழைய வில்லில் ஒரு சலுகை உண்டு.
மேடு ஏறி முடித்தால்
கப்பி புரண்டு எழுபது பதினான்காகும்.
அங்கே நின்று மூச்சு வாங்கலாம்,
காரின் கடைசித் தவணை எப்போதென்று
யோசிக்கக்கூடச் செய்யலாம்.
உடம்பு அந்தச் சமதளத்துக்காகக்
காத்துக்கொண்டே இழுத்தது.
வரவில்லை.
அங்குலத்துக்கு அங்குலம்
கந்துவட்டி ஏறியது.
நாண் மோவாயைத் தொடுமுன்
முழங்கை உதறத் தொடங்கியது.
புழு வாங்க வந்த ஒரு சின்னப்பெண்
தன் அம்மாவிடம் கேட்டாள்:
"அந்த மாமாவுக்குக் குளிருதா?"

ஐம்பது. அதற்கும் குளிர்தான்.
ஐம்பத்தெட்டு அங்குலத்தில் ஒரு குட்டை வில்,
மரத்தட்டில் ஏறி உட்கார வசதி,
நாண் மூன்று விரலையும்
கதவிடுக்குபோல் நசுக்கியது.
நாற்பத்தைந்து.
அதைப் பற்றி வேண்டாம்.

அறுபத்திரண்டு அங்குலம், நாற்பது பவுண்டு.
நடுவிரல் வாயோரம் வந்து
தன் இடம்போல் உட்கார்ந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
சுவரிலிருந்த பழைய நாட்காட்டி
அசையாமல் தெரிந்தது.
அசையாதது நாட்காட்டியல்ல.

"தண்டுகளைத் திருகிக் கழற்றலாம்," என்றான் ரீஸ்,
"அடுத்த வருஷம் ஐம்பது வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்."
துக்கம் விசாரிக்க வந்தவனிடம்போல்
தலையாட்டினேன்.
நூற்றெண்பது டாலர். விரலுறை தனி.

மார்ச் மாதம். வேட்டைக்கு ஏழு மாதம்.
பதினைந்து கெஜத்துக்கு மேல் எய்வதில்லையென்று
வண்டியில் வரும்போதே
எனக்கு நானே வேலி போட்டுக்கொண்டேன்.
அந்த வேலிக்கு வெளியே
எத்தனை மான்கள் மேயுமென்று
எண்ணிப் பார்த்தேன், எல்லாம்தான்.

சவுனாவுக்கு முன்னால் வைக்கோல் கட்டு.
பத்தே தப்படி.
முனை மழுங்கிய பயிற்சி அம்பு.
எங்கே பார்ப்பது? முள் இல்லாத இடத்தில்
வெறும் வைக்கோல்,
அதில் ஒரு தாள் மற்றவற்றைவிட வளைந்து.
அதையே பார்த்தேன். விட்டேன்.
கட்டுக்கு ஒரு முழம் மேலே
தேவதாருச் சுவரில் டொக்கென்று மோதிப்
பனியில் விழுந்தது.

உள்ளே தண்ணீர் சீறும் சத்தம் நின்றது.
"யாரது?" என்றாள் ஐலா.

வில்லைத் தாழ்த்தினேன்.
விரல் நுனிகள் சுட்டன.
"நான்தான்."

"கதவு திறந்துதானே இருக்கிறது!"