கிளை

வியாழன், மாலை நாலு பத்து.
பைனாகுலரின் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அன்புள்ள கூட்டாளியே என்று தொடங்கியது மின்னஞ்சல்.
ஆறு வருடத்தில் முதல்முறை கூட்டாளி என்றார்கள்,
கழற்றிவிடுவதற்காக.

திருகாணி ஆலை மூடிய பிறகு
சமையலறை மேசையில் தொடங்கிய பிழைப்பு.
எந்தக் கண்ணாடியில் குருவியின் புருவம் தெரியும்,
எது பனியில் மூடிக்கொள்ளும்,
எதன் வார் கழுத்தை அறுக்கும்
என்று எழுதுவேன். கீழே ஒரு சுட்டி.
ஐடாஹோவிலோ மெய்னிலோ
முகம் தெரியாத ஒருவர் அதை அழுத்தி வாங்கினால்
நூற்றுக்கு நாலு எனக்கு.
மார்ச்சில் அது வீட்டுக்கடன் தவணை.
ஜூலையில் நார்பெர்ட்டின் கடைவாய்ப் பல்.

ஸ்பிரிங்ஃபீல்டில் சட்டம் போட்டார்கள்.
இரண்டு முறை படித்தேன், அகராதியோடு.
பெரிய கடைக்கு எங்கள் மாநிலத்தில்
கூரை இல்லை, கதவு இல்லை, ஒரு துடைப்பம்கூட இல்லை;
ஆகவே வரி வசூலிக்க மாட்டோம் என்றது கடை.
கூரை இருக்கிறதே என்றது சட்டம்.
ஹாக்லண்ட் வீட்டுச் சமையலறை.
தரகு வாங்கும் கை எங்கே இருக்கிறதோ
அங்கே கடைக்கு ஒரு கிளை.

பிசுபிசுக்கும் மேசைவிரிப்பு,
மூடி தொலைந்த வெண்ணெய் டப்பா,
ஒரு கால் ஆடும் மேசை:
கோடானுகோடி டாலர் கம்பெனியின்
வட இல்லினாய் கிளை!
நான் சிரித்தேன். நார்பெர்ட் சிரிக்கவில்லை.

கிளைதான் வம்பு என்று தெரிந்தால்
மரம் சும்மா இருக்குமா?
தானே வெட்டிக்கொண்டது.
கிளை இல்லை, ஆகவே வரியும் இல்லை.
மாநிலத்துக்குச் சல்லிக்காசு தேறவில்லை.
குறி வைத்தது யானைக்கு.
யானை ஓரடி தள்ளி நின்றுகொண்டது.

ஜோலியட்டில் குழந்தை வண்டிகளைப் பற்றி எழுதும் கார்லீனுக்கும்
அதே நாலு பத்து.
விஸ்கான்சினுக்கு வந்துவிடு, வெர்னா என்றாள்.
உனக்கென்ன, பதினெட்டு மைல்.
அங்கே எல்லை ஒரு தெருவோடு ஓடுகிறது;
இந்தப் பக்கம் டயர் கடை, அந்தப் பக்கம் சலூன்.
தபால்பெட்டி மட்டும் எடுத்தால் போதாது,
அங்கேயே படுத்து எழ வேண்டும் என்றார் கணக்கர்.
கார்லீன் போனாள்.
பையனுக்கு நடு வருடத்தில் பள்ளி மாற்றினாள்.

நான் போகவில்லை.

சனிக்கிழமை லொவெல் பாஸ்டோரெக்கின் கடைக்குப் போனேன்.
அங்கேதான் ஊரே பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்க்கும்.
பிறகு வீட்டுக்குப் போய் என் சுட்டியை அழுத்தும்.
எட்டேகால் சதவீதம் மிச்சம்.
ஆறு வருடமாக அவருக்கும் தெரியும்,
எனக்கும் தெரியும்.
சூரியகாந்தி விதை ஒரு மூட்டை எடுத்தேன்.
கேள்விப்பட்டேன் என்றார்.
குரலில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தாலும் சண்டை போடலாம் என்று
காத்து நின்றேன்.
ரசீதைக் கிழித்து நீட்டினார்.
கடைசி வரியில் வரி.
நான் புகழ்ந்து எழுதிய அதே பைனாகுலர்
அவர் அலமாரியில், தூசியோடு.
அதை இன்னும் யாரும் கேட்கவில்லையாம்.

ஏப்ரலில் வருமானவரிப் படிவம்.
அதில் ஒரு கட்டம் உண்டு:
வெளிமாநிலக் கடையில் வரியில்லாமல் என்ன வாங்கினாய்,
நீயே சொல், நீயே கட்டு.
எனக்குத் தெரிந்த எல்லோரும் பூஜ்யம் போடும் கட்டம்.
நானும் போட்டவள்தான்.
இந்தமுறை பேனா அங்கே நின்றது.
பூட்ஸ், மிக்சர், நார்பெர்ட்டின் ரம்பம்…
முப்பத்தொரு டாலர்.
எழுதினேன்.

பைத்தியமா உனக்கு என்றான்.
இருக்கலாம்.
அந்த மின்னஞ்சலை அச்சிட்டு
எட்டாக மடித்து
மேசைக் காலுக்கு அடியில் செருகியிருக்கிறேன்.
இப்போது ஆடுவதில்லை.