விழுந்த எழுத்து

கயிற்றில் வெள்ளைத் தட்டைக் கட்டி
பேரை வாவிக்குள் இறக்குவேன்.
எந்த ஆழத்தில் கண்ணுக்குத் தப்புகிறதோ
அதைக் குறித்துக்கொள்வேன்.
அறுபத்தெட்டில் என் உத்தியோகம் இதுதான்.
தமிழில் அதற்குப் பெயர் இல்லை.

"மீன்பிடி இலாகாவோ?" என்பார்கள் கொம்பனித்தெருவில்.
"நுளம்புக்கு மருந்தடிக்கவோ?"
படிவங்களில் தொழில் என்ற கட்டத்துக்குள்
ஒவ்வொரு முறை ஒவ்வொருத்தியாய் இருந்தேன்.

கலைச்சொற் குழு செவ்வாய்களில் கூடியது,
மின்விசிறி சுழலாத அறையில்.
ஏரியியல், என்றார் ஒருவர்.
"இங்கே ஏது ஏரி? அது அக்கரைச் சொல்."
குளவியல் என்றதும்
யாரோ தலைக்குமேல் குளவியை விரட்டிக் காட்டினார்,
அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.
தடாகவியல் தாமரையோடு வந்து
பேரையின் நாற்றம் தாங்காமல் திரும்பியது.
மூன்றாம் செவ்வாய், தேநீர் ஆறியபின்,
பண்டிதர் இளையப்பா கண்ணாடியைக் கழற்றி,
"வாவியியல். எழுதுங்கள்."

எமெல்டா எழுதினாள்.
யி, ய என்று அடுத்தடுத்து வந்ததை
விரல் தடுமாறிய இடமென்று நினைத்து
ஒன்றை எடுத்துவிட்டாள்.
நானூறு பிரதிகள்:
வாவியல்.

பண்டிதர் புணர்ச்சி விதியைச் சொல்லிக் கொதித்தார்.
பிழைதிருத்தத் துண்டு அச்சாகி
ஒவ்வொரு பிரதிக்குள்ளும் செருகப்பட்டது,
ஒவ்வொரு பிரதியிலிருந்தும் நழுவி விழுந்தது.
பெயர்ப்பலகைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார்;
கணக்குப்பிள்ளைக்குக் குட்டைச் சொல்லே பிடித்தது.
பரீட்சை வினாத்தாளில் அது வந்தபோது
பிள்ளைகள் எவரும் கைதூக்கிச் சந்தேகம் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு அது பெயரானது
ஒரு மழைநாளில், கிச்சிலின் கடை வாசலில்.
சேற்றுக் காலோடு நின்றேன்.
உள்ளே பார்த்து அவர் குரல்கொடுத்தார்:
"வாவியல் மிஸ்ஸுக்கு ஒரு பிளேன்டீ!"

எட்டு வருடம் கழித்து
பண்டிதரிடமிருந்து ஒரு கடிதம்.
தன் மருமகளுக்கு
வாவியல் துறையில் இடம் கிடைக்குமா என்று.
இரண்டு தடவை வாசித்தேன்.
யி இல்லை.
பதிலில் நானும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

தட்டு இன்றைக்குப் பதினெட்டு அங்குலத்தில் மறைந்தது.
பெயரில்லாத காலத்தில்
இருபத்தாறு வரை தெரிந்தது.