ஒரு சாண்

நூறு மீட்டருக்கு ஒரு சாண்.
அலுவலகத் தாளில் பதினெட்டு சென்டிமீட்டர்.
என் கை சிறியது,
விரித்தால் சரியாக அவ்வளவுதான் வரும்.

அனல்மின் நிலையத்திலிருந்து ஊர்வரை
ஒன்பது கிலோமீட்டர் வெறும் புல்வெளி.
குழாய்க்கு வளைய ஒரு காரணமும் இல்லை.
அதனால் நாங்களே வளைத்துவிட்டோம்:
ஓடிக்கொண்டிருப்பது சட்டென்று பக்கவாட்டில் விலகும்,
நாலு மீட்டர் நடந்து திரும்பிவரும்,
எதுவும் நடக்காததுபோல் தன் வழியில் சேரும்.
சாலை குறுக்கிட்டால் எழுந்து வாசலாகும்.
நிலக்கரி லாரிகள் அதன் கீழே போகும்,
கல்யாணக் கார்களும் ஹாரன் அடித்தபடி.

நாற்பத்தோராவது வளைவின் இரண்டு கால்களுக்கு நடுவே
லாவ்ரெந்தி கிம் கார் ஷெட் கட்டினார்.
மூன்று பக்கமும் சூடு, வாடகை இல்லை,
அவருடைய பழைய லாடா பனியிலும் ஒரே சாவியில் கிளம்பும்.
நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன் என்றார்.
போதாது என்றேன்.
"பிபிகுல், இரும்புக்கு ஏது கால்?"

மூன்று நோட்டீஸ் எழுதினேன்.
மூன்றும் அலுவலக அலமாரியில் கதகதப்பாக இருக்கின்றன.

அக்டோபரில் வெந்நீர் திறந்தபோது
ஒரு விரல் போனது.
தாங்கிகள்மேல் குழாய் நகரும் முனகலை
ஊரில் நாய்களும் நானும் மட்டும் கேட்டோம்.
நவம்பரில் இன்னொன்று.
சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தேன்.

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு,
உள்ளே நூற்று ஐம்பது.
இந்தப் பக்கமிருந்து அரைச் சாண்,
அந்தப் பக்கமிருந்து அரைச் சாண்,
அவசரமே இல்லாமல் வந்தது.
விடியற்காலை மூன்று மணிக்கு ஷெட்டின் இரண்டு சுவர்களும்
பிஸ்கட்போல் விரிசல் விட்டன.
கிம் செருப்போடு பனியில் நின்று
இரும்பைத் திட்டினார், கொரிய மொழியில்,
பிறகு என்னை, ரஷ்ய மொழியில்.

நான் வெல்டைத்தான் பார்த்தேன்.
டார்ச் அடித்து, கையுறையைக் கழற்றி, முழங்கை முழுக்கத் தடவி.
ஒற்றைச் செங்கல் சுவர், மலிவான சிமெண்ட்.
அவர் கொஞ்சம் நன்றாகக் கட்டியிருந்தால்
அன்றிரவு ஆறாயிரம் வீடு உறைந்திருக்கும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

மே மாதம் தண்ணீரை நிறுத்தினோம்.
குழாய் பின்வாங்கி
என் முதல் கோட்டருகே வந்து படுத்தது.
கிம் புதுச் செங்கல் இறக்கியிருந்தார்.
என்னைக் கண்டதும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு,
தரையைப் பார்த்து,
"எத்தனை விரல் விடணும்?"

நாலாவது நோட்டீஸ் பையில்தான் இருந்தது.
அரைச் சாண் போதும்.
குழாயை ஒட்டிக் கையை வைத்து
முழுதாய் விரித்துக் காட்டினேன்.