ஒன்று புள்ளி ஏழு மூன்று

ஆடி பிறந்த மூன்றாம் நாள்
செலஸ்டின் விமானத்தை முட்டை அட்டையில் வைத்து
மீனாட்சிபுரத்தில் என் வைண்டிங் கடைக்குக் கொண்டுவந்தான்.
மீன்பெட்டி தெர்மாகோலில் வெட்டிய இறக்கை.
எத்தனை பெயிண்ட் அடித்தும்
மத்தி வாசனை போகவில்லை.

"அக்கா, முன்னால போகமாட்டேங்குது."

நேற்று கடலைக்காட்டில் நானே பார்த்தேன்.
கணவாய்க் காற்றுக்கு மூக்கைக் கொடுத்து
அந்தரத்தில் நின்றது.
மூக்கு பாலக்காட்டுக்கு,
உடம்பு பொள்ளாச்சிக்கு.
முழு விசையில் உறுமிக்கொண்டே
ஓடையைத் தாண்டி எல்லைக்கல்லைத் தாண்டி
பின்பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் போனது.
சாவடிக் காவலர் டீயில் நனைத்த பிஸ்கட்டை மறந்து
அண்ணாந்து நின்றார்.
பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

முட்டை வேன் ஓட்டுகிறவன்.
இழுக்கவில்லை என்றால் இழுக்க வை, அவ்வளவுதான் அவனுக்கு.
முதலில் பெரிய விசிறி மாட்டினான்,
எட்டு அங்குலத்துக்குப் பதில் பத்து.
எருமை மாதிரி இழுத்தது.
வேகம் மட்டும் வரவில்லை,
மோட்டாரைத் தொட்ட விரலில் கொப்புளம் வந்தது.
பிறகு இரண்டு செல் பேட்டரிக்கு மூன்று செல்.
பத்து ஆம்பியர் கண்ட்ரோலர்
ஒரே ஒரு முறை இருமியது.
வெள்ளைப் புகை.
நானூற்று அறுபது ரூபாய்.

மோட்டாரைக் கழற்றினேன். நெல்லிக்காய் அளவு.
பன்னிரண்டு பல், பதினான்கு காந்தம்,
மூன்று ஃபேஸ்.
அட,
மூலையில் எரிந்து கிடக்கிற
சென்னியப்பக் கவுண்டரின் ஏழரைக் குதிரைக்கு
நீ என்ன, பேத்தியா?

தோட்டத்து மோட்டார் ஸ்டாரில் முனகி எழும்,
ஏழெட்டு நொடியில் டெல்டாவுக்குத் தாவும்.
அந்த 'டக்' எனக்குத் தூக்கத்திலும் கேட்கும்.
இந்தக் குட்டியை யாரோ
ஸ்டாரிலேயே கட்டிப்போட்டிருக்கிறார்கள்,
மூன்று வால்களும் ஒரே முடிச்சாக.

ஈயத்துக்குச் சூடு காட்டி முடிச்சை அவிழ்த்தேன்.
பிளேடால் வார்னிஷ் சுரண்டி
ஒன்றின் வாலை அடுத்ததின் தலையோடு,
அதன் வாலை மூன்றாவதின் தலையோடு,
மூன்றாவதின் வாலை
மறுபடி முதலாவதின் தலையோடு.
கம்பி ஒரு விரற்கடைகூடச் சேர்க்கவில்லை.
அதே வோல்ட்டுக்குச் சுற்று
ஒன்று புள்ளி ஏழு மூன்று மடங்கு.
மூன்றின் வர்க்கமூலம்.
ஐ.டி.ஐ.யில் இந்தக் கணக்குக்கு
முப்பது பையன்களுக்கு நடுவில் நான் கைதூக்கினேன்.
வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப பத்து அங்குல விசிறியே..."
"கருகிடும். ஆறு போடு. சின்னது, முறுக்கு கூடினது.
சக்கரத்தைக் கழட்டு. வயிறு உரசி இறங்கட்டும்.
முப்பத்தெட்டு கிராம் சும்மா சுமக்கறே."
இருபது ஆம்பியர் கண்ட்ரோலர்
பொள்ளாச்சி கூரியரில் வந்தது.
பழைய இரண்டு செல், கிளாம்ப் மீட்டரில் பதிமூன்று.
செலஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன்.
காற்று தென்னைகளைக் கிழக்கே வாரிச் சீவிக்கொண்டிருந்தது.
கையிலிருந்து வீசினான்.
குரலே வேறு. குளவி.
மூக்கு பாலக்காட்டுக்கு,
உடம்பும் பாலக்காட்டுக்கு.
கள்ளு வண்டியைத் தாண்டி, பனைகளைத் தாண்டி,
மத்தி வாசனையை
அது வந்த திசைக்கே ஏற்றிக்கொண்டு போனது.

முன்பு பதினொரு நிமிடம் நின்ற பேட்டரி
நாலரையில் பீப் அடித்தது.
"இவ்வளவுதானா?"
"கூடக் கேட்டியே, எங்கிருந்து வரும்?"

விசையை விட்டான். விசிறி நின்றது.
மூக்கைத் திருப்பாமலே,
எங்களைப் பார்த்தபடியும் பார்க்காதபடியும்
தலைக்கு மேலாகப் பின்னோக்கி மிதந்து வந்தது,
எல்லைக்கல்லுக்கு அப்பால்
கடலைச்செடியில் வயிற்றை வைத்தது.
அவன் ஓடினான்.

என் போன் அடித்தது. கவுண்டர்.
"தண்ணி விட்டு மூணு நாளாச்சு சாமி,
மோட்டார் என்னாச்சு?"

"டெல்டாவுல போட்டாச்சுங்க," என்றேன்,
"நல்லாத்தான் பறக்குது."