நேற்று இல்லை

யார்டின் இரண்டாவது கேட்டில்
எனக்கு இரவு எட்டு மணி நேரம்,
ஒரு கம்ப்யூட்டர், முனகுகிற ஒரு மின்விசிறி.
வருகிற பெட்டிக்கு நான்கு எழுத்து, ஏழு எண்.
பக்கத்தகடு நசுங்கியிருந்தால் எழுத வேண்டும்.
பழைய நசுங்கலா புதிதா என்று
போன முறை எடுத்த படத்தை அருகில் வைத்துப் பார்ப்பேன்.
அந்தக் கண்ணைத்தான்
ஆண்ட்ரோமெடாவுக்கும் கொடுத்திருக்கிறேன்.

மணலியில் அணையாத சுடர்,
எண்ணூர் சாலையில் மஞ்சள் விளக்கு, லாரிப் புழுதி.
திருவொற்றியூரில் நின்று அண்ணாந்தால்
எட்டு நட்சத்திரம் தேறும்,
அதில் ஒன்று விமானம்.
எனவே லடாக் பக்கம் ஒரு மலையில்
ஏழு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த தொலைநோக்கி.
என் பங்கு இரவுக்குப் பத்து நிமிடம்.
படம் போனுக்கு வரும்.

நேற்று, இன்று. நேற்று, இன்று.
மாற்றி மாற்றித் தட்டினால்
எல்லாம் அப்படியே இருக்க
ஒன்று மட்டும் சிமிட்ட வேண்டும்.
நோவா.
செத்துப்போகிற நட்சத்திரம் இல்லை அது.
ஜோடியில் சின்னது, வெந்து சுருங்கியது,
பக்கத்தில் இருப்பதிடம் வாங்கி வாங்கி
மேலே பூசிக்கொண்டே போய்
தாங்காத அன்று தோல் மட்டும் வெடிக்கும்.
மறுபடி வாங்க ஆரம்பிக்கும்.
வாரத்தவணைக்காரர்கள் உள்ள தெருவில் இருப்பவளுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடி டிரெய்லர் கோட்டைச்சாமி
நான்கு மணி நேரம் வரிசையில் நின்ற கடுப்போடு
ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா, கோலமாவு கொட்டுன மாதிரி?"
சொன்னேன்.
"வெடிச்சா சத்தம் கேக்குமா?"
கேக்காதுண்ணே. வெளிச்சமே
இருபத்தஞ்சு லட்சம் வருஷம் வந்துக்கினு இருந்துது.
"அப்ப நம்ம க்யூ தேவலாம்" என்று
சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வருடத்தில் நான் முதலில் கண்டது பூஜ்யம்.
ஒருமுறை கேமராவில் கெட்டுப்போன புள்ளி.
ஒருமுறை ஊரறிந்த மாறும் நட்சத்திரம்.
ஒருமுறை நிஜமாகவே நோவா.
ஜப்பானில் ஒருவர் எழுபது நிமிடம் முந்திவிட்டார்.
அந்த எழுபது நிமிடமும்
சீல் எண் ஒத்துப்போகவில்லை என்று
டெல்பினோடு சண்டையில் இருந்தேன்.

ஆனாலும் பார்த்த இரவெல்லாம் எழுதி அனுப்பினேன்:
தேதி, நேரம், எவ்வளவு மங்கல் வரை தெரிந்தது.
குறிப்பு: ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. மேகம். ஒன்றுமில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு மின்னஞ்சல்.
பதினைந்தாம் தேதி ஒன்று வெடித்திருக்கிறது.
முந்தின இரவு அங்கே அது இல்லை என்பதற்கு
உங்கள் படம் ஒன்றுதான் சாட்சி.
எத்தனை மணிக்கு எடுத்தது?

இரண்டு பதினேழு.
அட்டவணையில், வெடித்த நேரத்தின் ஓர் ஓரம்
என் இரண்டு பதினேழு.

சந்தோஷத்தில் டீ வாங்கப் போனேன்.
பாதி வழியில் நின்றுவிட்டேன்.

போன மார்கழியில் எங்கள் குப்பத்துக்குள்
கண் எரியும் நாற்றம் வந்தபோது
கோப்போடு வந்த அதிகாரி கேட்டதும் இதைத்தான்.
எப்போது ஆரம்பித்தது?
அதற்கு முன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
நாற்பது பேர் நின்றோம்.
சகாயராணி குழந்தையின் மருந்துச்சீட்டைக் காட்டினாள்.
அதில் இருமல் இருந்தது, மணி இல்லை.
நேற்று இல்லை என்பதை
ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை.
"தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டு
ஜீப்பில் ஏறினார்.

இப்போது நோட்டில் இரண்டு பத்தி.

நவம்பர் 24, இரவு 1.40.
இடது: பத்தொன்பது வரை தெளிவு. ஒன்றுமில்லை.
வலது: வாடை அடிக்கிறது.

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்:
வாடைக்காற்று. நாற்றம் இல்லை.

ஹாரன்.
கேட்டில் ஆறு வண்டி.
முதல் பெட்டி, இடப்பக்கம், கீழ்மூலை.
பழைய நசுங்கல்தான்.