இருபது ஜிபி

வெள்ளி காலை எட்டரைக்கு ஸால்மியாவில் வகுப்பு.
மடிக்கணினியைத் தயார்செய்து கொண்டு வரவும்,
வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வரவேண்டாம்
என்கிறது கடிதம்.
'வரவேண்டாம்' மட்டும் தடித்த எழுத்தில்.

கன்டெய்னர் பற்றிய வகுப்பு என்றதும்
மரியசெல்வம் சப்பாத்தி உருட்டுவதை நிறுத்தினான்.
"ஷுவைக் துறைமுகத்துல ஆறு வருஷமா
நாப்பதடிப் பெட்டிக்கு சீல் நம்பர் எழுதுறவன் நீ.
ஒனக்கு எவன் சொல்லித் தரணும்?"

இது வேறு பெட்டி என்றேன்.
எடை இல்லை, கிரேன் இல்லை,
சுங்கத்தில் யாருக்கும் டீ வாங்கித் தர வேண்டியதில்லை.
ஒரு மென்பொருளும் அதன் தட்டுமுட்டுச் சாமான்களும்
ஒன்றாய் உள்ளே.
எங்கே இறக்கினாலும் அதே மாதிரி ஓடும்.

"அப்ப நம்மள மாதிரி," என்றான்.
இறக்கின இடத்தில் அதே மாதிரி ஓடுகிறோமா நாம்?
மாவு கையோடு அவனும் கொஞ்சம் யோசித்தான்.

முதலில் கணினியின் அடிவயிற்றைத் திறக்க வேண்டும்.
அணைத்து, போட்டு, விளக்கு வரும் அந்த நொடியில்
எஃப் பத்தை அமுக்க வேண்டும்.
மூன்று முறை விரல் பிந்தியது.
நான்காவது முறை நீலத்திரை:
மெய்நிகராக்கம் - முடக்கம்.
இத்தனை நாள் அது தூங்கியது எனக்குத் தெரியாது.
எழுப்பிவிட்டேன்.

அடுத்த வரி: இருபது ஜிபி காலியிடம்.
என்னிடம் ஆறு.

கிரிக்கெட்டை அழித்தேன்.
மரியசெல்வத்தின் சீரியலை, அவன் குளிக்கப் போனபோது.
சம்பளச் சீட்டுகளையும் பார்த்தேன்,
அவற்றில் எடையே இல்லை.
மிச்சம் இருந்தது 'ஹபீபா 3'.
அரபி எழுத்தில் பெயர், பதினைந்து ஜிபி.

இந்தக் கணினி ஜும்ஆ சந்தையில்
முப்பத்தெட்டு தினாருக்கு வந்தது.
விற்றவன் துடைத்தது மேல்தூசியை மட்டும்.
உள்ளே ஒரு வீட்டின் பிறந்தநாள்:
மூன்று மெழுகுவத்தி,
ஊதத் தெரியாமல் கேக்கின் மேல் துப்பும் குழந்தை,
படம் பிடிக்கிற ஆளின் சிரிப்பு.
அவன் முகம் எந்தப் படத்திலும் இல்லை.
இரண்டு வருஷமாக நான் அதை அழிக்கவும் இல்லை,
முழுதாய்ப் பார்க்கவும் இல்லை.
அவளுக்கு இப்போது எட்டு இருக்கலாம்.

ஹாஜா முகைதீன் மேல்கட்டிலில் இருந்து
பென்டிரைவை நீட்டினார்.
"பயானெல்லாம் போன்ல ஏத்திட்டேன், எடுத்துக்க."
நாற்பது நிமிஷம் ஹபீபா இடம் மாறினாள்.
கேக் கடை ரசீதின் படம் ஒன்றில்
வாடிக்கையாளர் கைபேசி எண் இருந்தது.
சரக்குச் சீட்டில் கற்ற அரபியில் எழுதினேன்:
ஐயா, உங்கள் சாமான் என்னிடம் பத்திரமாக உள்ளது.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
கடத்தல்காரன் எழுதுவது போல இருந்தது.
ஒற்றை டிக்.

பிறகு இறக்குமதி.
ஹாஜாவின் ஹாட்ஸ்பாட்டில்
அடுக்கு அடுக்காய் வந்தது.
ஓர் அடுக்கு முடியும், இன்னொன்று நிற்கும்.
ஏசி ஒரு முறை செருமிவிட்டு மறுபடி ஓடியது.
ஒரு மணி பத்துக்கு, கடிதத்தில் சொன்னபடி
அந்தக் கடைசிக் கட்டளையை அடித்தேன்.
பி எழுத்து அழிந்த விசைப்பலகை,
தடவித் தடவித்தான் அடித்தேன்.

கறுப்புத் திரையில் ஒரு வணக்கம் வந்தது.
சொன்ன கையோடு அந்தப் பெட்டி செத்தும் போனது.
நிலை: வெளியேறியது, பூஜ்யம்.
பதறிப் போய்க் கடிதத்தைத் தேடினேன்.
பூஜ்யம் என்றால் குறையொன்றும் இல்லை என்று அர்த்தமாம்.
பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

பையில் கணினி, சார்ஜர், மூன்று முள் அடாப்டர்,
பென்டிரைவ் தனியாக, சட்டைப்பையில்.
இன்னும் ஒற்றை டிக்தான்.
ஆறு மணிக்கு அலாரம்.
வெள்ளிக்கிழமை மஹ்பூலாவில் பஸ் எப்போது வரும் என்பதற்கு
கடிதத்தில் வழி சொல்லவில்லை.