பதினேழு அடி

இரவு ஷிப்ட் முடிந்து
குடிகாட்டில் பஸ் ஏறும்போதே
கையை மூன்று தடவை கழுவியாகிவிட்டது.
நான்காவது தடவை வீட்டுக் குழாயில்.
அதற்குப் பிறகுதான் பூங்காவனம்
வடித்த கஞ்சியைக் குண்டானோடு நீட்டுவாள்:
"ஆறுறதுக்குள்ள போ."

கொதிக்கக் கொதிக்க
வாசல் சிமெண்டு விரிசலில் ஊற்றினால்
காக்காக்கால் புல் சட்டென்று கறுத்து
கீரை மாதிரி வதங்கும்.
வாசனையும் கீரை வாசனைதான்.
ஒரு நிமிஷம் பசிக்கும்.

கோரை அப்படியில்லை.
போன கார்த்திகையில் பெண்ணையாறு
கேட்டைத் திறக்காமலே உள்ளே வந்து
கணுக்கால் வண்டலை வைத்துவிட்டுப் போனது.
வண்டலுக்குள் கிழங்கு கிழங்காகக் கோரை.
நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்
கட்டில், பீரோ, மிக்ஸி என்று
போனதையெல்லாம் எழுதினார்.
வந்ததை எழுத
அவர் படிவத்தில் கட்டமில்லை.

மேலே கஞ்சி ஊற்றினால்
கீழே கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறது.
எட்டாம் நாள்
ஊசி ஊசியாய் எழுந்து நிற்கிறது
வருகைப் பதிவுக்கு நிற்கிற மாதிரி.

லாக்கர் அறையில் ஞானசெல்வம் சிரிக்கிறான்.
"ராத்திரி பூரா ட்ரம்மில் அடைக்கிறோமே, அது என்னத்துக்கு?
கால் லிட்டர் போதும். ஒரே அடி.
வேர் வரைக்கும் போய்ப் பேசிட்டு வரும்."
தெரியும்.
எதுவரைக்கும் போகும் என்று
ட்ரம்மின் முதுகில் ஒட்டும் தாளில்
பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
ஒட்டுகிறவன் நான்.
கையுறைப் படம், கண்ணாடிப் படம்,
செத்த மீன் படம்.
கோரைக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில்
பதினேழு அடி.
நான் அளந்து பார்த்ததை
ஞானசெல்வத்திடம் சொல்லவில்லை.

பிறகு வினிகர்.
அண்ணாச்சி கடையில் இரண்டு பாட்டில்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு ஸ்பூன்,
ஜன்னல் துடைக்கிற ஸ்ப்ரே பாட்டில்.
உச்சி வெயிலில் அடித்தேன்.
கோரை நுனி மட்டும் பழுத்தது.
பக்கத்துப் பாத்தியில் கத்தரி
முழுசாகப் பழுத்தது.
பகல் ஏற ஏற காற்று கடலிலிருந்து வரும் என்பதை
இந்த ஊரில் பிறந்தும் மறந்திருக்கிறேன்.
பூங்காவனம் ஒன்றும் சொல்லவில்லை.
கத்தரிக்காய் இல்லாத குழம்பை
மூன்று நாள் வைத்தாள், அவ்வளவுதான்.

உப்பு போடலாம் என்று கிளம்பினேன்.
கல்லுப்பு, ஐந்து கிலோ.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரஹமத்பீ:
"ஊர் பேரு குண்டுஉப்பலவாடி.
பேர்லயே அள்ளிக் கொட்டி வச்சிருக்கு.
நீங்க வேறயா?"
அன்றைக்கே மூட்டை
எலுமிச்சை ஊறுகாய்க்குப் போனது.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை
அவர்தான் மதில்மேல் தள்ளிவிட்டார்.
பிரித்து, நனைத்து, விரித்து,
அதன்மேல் தேங்காய் மட்டை,
அதன்மேல் முந்திரிச் சருகு.
"இந்தப் பக்கம் மேலே" என்ற அம்புக்குறி
மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.
மூட இருந்த இடத்தில் படர்ந்த மூக்கிரட்டையை
ரஹமத்பீ வாரிக்கொண்டார்.
"இதையா களைன்றீங்க?
இது என் மூட்டுவலிக்கு."

நாற்பதாம் நாள் ஓரத்தைத் தூக்கினேன்.
வெளுத்து, நூல் நூலாய்,
மேல் எது என்று தெரியாமல்
படுத்தபடியே நீண்டிருந்தது கோரை.
அம்புக்குறியைப் பாதி தின்றுவிட்டு
ஒரு மண்புழு போய்க்கொண்டிருந்தது.
ஜெயித்துவிட்டேனா, தெரியாது.
அட்டை முடிகிற இடத்தில்
புதிதாய் ஏழு முளை.

குத்தவைத்துக் கையால் இழுத்தேன்.
ஆறு அறுந்தது.
ஒன்று கிழங்கோடு வந்தது.
நசுக்கி முகர்ந்தால்
குளியல் பொடி வாசனை.
இவ்வளவு நாள்
இதையா வேக வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஷிப்டுக்குப் போகும்போது
கை கழுவவில்லை.
கையுறைக்குள் விரல் நுனியில்
விடிய விடிய அது இருந்தது.
நூற்றுப் பன்னிரண்டு ட்ரம்.
ஒவ்வொன்றிலும் மீன் நன்றாகத் தெரியும்படி
நேராக ஒட்டினேன்.